நூற்றுத் தொண்ணூறு மில்லிசெகண்ட்

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் கிடக்கிற கல், உமி, தூசி எல்லாவற்றையும் சலித்தெடுத்து அவர்கள் மேஜையிலேயே கொட்டிவிட்டுப் போவாள். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்றாலும் அவளுக்குத் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு. தன்னுடையதைச் சலிக்கும்போது மட்டும் சல்லடையின் கண் பெரிதாகிவிடும் என்பது அந்தச் செவ்வாய்க்கிழமை வரை யாருக்கும் தெரியாது, அவளுக்கும்தான்.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு புகார் வந்தது. எங்கோ ஒரு துறைமுகத்தின் பயிற்சி நிலையத்திலிருந்து பயிற்சியாளர் ஒருவர் எழுதியிருந்தார்: "எங்கள் திரையில் உங்கள் வட்டங்கள் சேற்றில் நடப்பது போல நடக்கின்றன. கொஞ்சம் பார்க்கவும்."

அவள் சிரித்துவிட்டாள். தன் கம்ப்யூட்டரில் அந்த வலைப்பக்கத்தைத் திறந்து பார்த்தாள். வட்டங்கள் வழுக்கிக்கொண்டு போயின. "இங்கே நன்றாகத்தான் ஓடுகிறது" என்று பதில் தட்டினாள். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் வாயைத் திறந்தால் முதலில் வந்து விழுகிற வாக்கியம் அது. வயிறு வலிக்கிறது என்று டாக்டரிடம் போனால், அவர் தன் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு "எனக்கு வலிக்கலையே" என்று சொல்வதைப் போன்றது. ஆனாலும் சொல்லுவார்கள், கூச்சமே இல்லாமல்.

அனுப்பப் போகும்போது விரல் நின்றது. இதே வாக்கியத்தை ஒரு வருடத்துக்கு முன்னால் தன் அண்ணனிடம் சொன்னது நினைவுக்கு வந்தது.

அண்ணன் அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். பதினைந்து மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் குனிந்து உட்கார்ந்து, காலுக்கு அடியில் தெரிகிற கப்பலில் இரும்புப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற வேலை. ஒரு பெட்டி முப்பது டன், நாற்பது டன் இருக்கும். அங்கே அவரை 'ஊசி' என்பார்கள். இருபத்தாறு வருடத்தில் அவர் இறக்கிய பெட்டி எதற்கும் மூலை நசுங்கியதில்லை. வீட்டிலும் அப்படித்தான். மேஜை ஓரத்திலிருந்து டம்ளர் சரிந்தால், மற்றவர்கள் "ஐயோ" என்று வாயெடுப்பதற்குள் அது அவர் கையில் இருக்கும். பிறகு கத்தியவர்களைப் பார்த்து "என்னாச்சு?" என்பார், ஒன்றும் தெரியாதவர் மாதிரி.

அந்த அண்ணனைக் கூண்டிலிருந்து இறக்கியது இந்த வட்டங்கள்தான். வட்டங்களைச் செய்தவள் அவள்.

விஷயம் சின்னது. திரையில் பன்னிரண்டு மங்கலான வட்டங்கள் மெல்ல நீந்திக்கொண்டிருக்கும். திடீரென்று ஒன்று ஒளிரும். பச்சையாக ஒளிர்ந்தால் வலது விசை, சிவப்பாக ஒளிர்ந்தால் இடது விசை. கண் பார்த்துக் கை அழுத்த எவ்வளவு நேரம் ஆகிறது என்று பக்கம் கணக்கெடுக்கும். கனரக இயந்திரம் ஓட்டுகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை இதை எழுதியாக வேண்டும். ஐந்நூறு மில்லிசெகண்டுக்குள், அதாவது அரை விநாடிக்குள் இருந்தால் தேர்ச்சி.

இந்தப் புரோகிராமை எழுதத் தொடங்கியபோது அண்ணனிடம்தான் யோசனை கேட்டாள். ஒளிர்கிற வட்டம் எப்படி இருந்தால் உங்கள் ஆட்களுக்குப் பழகினதாக இருக்கும் என்று.

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "பனி விழற நாள்ல, கீழ சிக்னல் காட்டுறவன் கையில ஒரு லைட்டு வெச்சிருப்பான். மேலேர்ந்து பாத்தா அதுக்கு ஓரமே இருக்காது. பஞ்சு மாதிரி பரவிக் கிடக்கும். அதை நம்பித்தான் பொட்டிய இறக்குறோம். அப்படி வையேன்."

மூன்று நாள் மல்லுக்கட்டி அந்தப் பஞ்சு வெளிச்சத்தைக் கொண்டுவந்தாள். அண்ணன் பார்த்துவிட்டு, "அட, அதேதான் சின்னு!" என்று துள்ளினார். வீட்டில் அவள் பெயர் சின்னு. அவளுக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை.

முதல் வருடம் அண்ணன் நானூற்றுப் பதினைந்தில் தேறினார். அடுத்த வருடம் அறுநூற்றுப் பன்னிரண்டு.

முதல் தடவை தோற்றதுமே அவளைத் தேடி வந்தார். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, டீயைக் குடிக்காமல் ஆறவிட்டுச் சொன்னார்: "சின்னு, அந்த வட்டம் லேட்டா வருதும்மா. நான் அமுக்கினதுக்கப்புறமும் ஒரு நிமிஷம் நின்னு யோசிக்குது."

அவள் லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். "பாருங்க அண்ணா, எனக்கு நல்லாத்தான் ஓடுது."

அவரையும் உட்காரவைத்தாள். நானூற்று இருபத்தெட்டு வந்தது. அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா? கை நல்லாத்தான் இருக்கு."

அங்கேதான் அவள் தப்பு பண்ணினாள். கண்ணெதிரே எண் நிற்கிறது. அதைச் சலிக்கத் தோன்றவில்லை. "வீட்ல எல்லாருக்கும் நல்லாத்தான் வரும் அண்ணா. அங்க பதட்டத்துல கை நிக்குது. மெஷின் பொய் சொல்லாது. வயசும் ஆகுதுல்ல? கண்ணைக் காட்டுங்க ஒரு தடவை."

அண்ணன் கண் டாக்டரிடம் போனார். கண்ணில் ஒன்றுமில்லை என்றார்கள். இரண்டாவது தடவை ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு. மூன்றாவது தடவை அறுநூற்று இருபத்தொன்று. மூன்று முறைக்கு மேல் கிடையாது. கூண்டிலிருந்து இறக்கி, லாரிகள் வந்துபோகிற வாசலில் தடுப்புக் கம்பத்தை ஏற்றி இறக்குகிற வேலையில் உட்காரவைத்தார்கள். ஒரு வருடத்துக்குள் தக்க காரணம் காட்டினால் இன்னொரு தேர்வு உண்டு. வருடம் தாண்டினால் கூண்டை மறந்துவிட வேண்டியதுதான். அந்த வருடம் முடிய இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

அவள் தட்டியிருந்த பதிலை அழித்தாள். "எந்த பிரவுசர் பயன்படுத்துகிறீர்கள்?" என்று கேட்டு எழுதினாள்.

நூற்றுக்கு நாலு பேர் வைத்திருக்கிற ஒரு பிரவுசரின் பெயர் வந்தது. அவள் அதைத் திறந்தாள். எப்போதும் திறக்கிற மாதிரிதான்: திரையின் இடது பாதியில் புரோகிராம், வலது பாதியில் பக்கம். எழுதிக்கொண்டே பார்க்க வசதி. அந்த ஆபீஸில் எல்லோருக்கும் அதே பழக்கம். வட்டங்கள் நன்றாக நீந்தின. பழைய சோதனைப் பட்டியலை எடுத்துப் பார்த்தாள். அந்த பிரவுசருக்கு எதிரே டிக் இருந்தது, அவள் கையால் போட்டது. ஏமாற்றிப் போட்ட டிக் இல்லை. அன்றைக்கும் இப்படித்தான் திறந்து பார்த்திருக்கிறாள்.

புதன்கிழமை பயிற்சியாளரிடம் ஒரு வீடியோ கேட்டாள். போனில் பிடித்து அனுப்பினார். உண்மைதான், வட்டங்கள் ஒவ்வொரு அடிக்கும் காலை இழுத்துக்கொண்டு போயின. ஆனால் அவள் கண் வட்டத்தில் நிற்கவில்லை. திரைக்குப் பக்கத்தில் ஒரு கதவு தெரிந்தது. திரை அந்தக் கதவைவிட அகலமாக இருந்தது.

அவள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு மீட்டிங் அறைக்கு ஓடினாள். அங்கே சுவரில் ஒரு பெரிய திரை உண்டு. அதில் இணைத்து, அந்த பிரவுசரைத் திறந்து, முழுத் திரைக்கு விரித்தாள். வட்டங்கள் சேற்றில் இறங்கின.

இதற்குப் பிறகு நடந்தது வெறும் வேலை, அவளுக்குக் கைவந்த வேலை. ஒரு விநாடிக்கு அறுபது படம் வரைந்தால்தான் கண்ணுக்கு ஓட்டம் தெரியும். ஒரு படத்துக்குப் பதினாறு மில்லிசெகண்ட்தான் அவகாசம். அளக்கிற கருவியைப் போட்டாள். ஒவ்வொரு படமும் நூற்றுப்பத்து எடுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தாள். சத்தத்தை நிறுத்தினாள், மாற்றமில்லை. பின்புலத்தை எடுத்தாள், மாற்றமில்லை. மூலையில் ஓடுகிற எண்ணை எடுத்தாள், அப்படியேதான் இருந்தது. கடைசியில் பஞ்சு வெளிச்சத்தை அணைத்தாள். கருவியின் வரைபடத்தில் நெடுநெடுவென்று நின்ற கம்பிகள் எல்லாம் தரையோடு படுத்துவிட்டன.

மற்ற பிரவுசர்கள் அந்த வெளிச்சத்தைப் படம் வரைகிற தனிச் சில்லிடம் ஒப்படைத்துவிடும். இது மட்டும் ஒவ்வொரு புள்ளியையும் தானே உட்கார்ந்து கணக்குப் போட்டது. பாதித் திரையில் புள்ளிகள் குறைவு, எப்படியோ சமாளித்துவிட்டது. சுவரளவு திரையில் முடியவில்லை. வட்டம் ஒளிர்வதும் தாமதம். விசையை அழுத்தினால் அந்த அழுத்தலும் வரைகிற வேலை முடியும்வரை வரிசையில் காத்துக் கிடந்தது. இரண்டையும் சேர்த்து அளந்தாள். நூற்றுத் தொண்ணூறு மில்லிசெகண்ட்.

ஒவ்வொரு தேர்வோடும் பிரவுசரின் பெயரும் திரையின் அளவும் பதிவாகும். அதுவும் அவள் செய்த ஏற்பாடுதான், யாரும் எடுத்துப் பார்த்ததில்லை. அண்ணனின் வரிகளை எடுத்தாள். தேறிய வருடம் சின்னத் திரை. தோற்ற மூன்று தடவையும் பெரிய திரை, அந்த பிரவுசர். துறைமுகத்து மருத்துவ அறையில் நடுவில் எப்போதோ புதுத் திரை மாட்டியிருக்கிறார்கள். இளவட்டங்கள் முந்நூறில் முடிப்பவர்கள். நூற்றுத் தொண்ணூறு கூடினாலும் தேறிவிட்டார்கள். ஐம்பதைத் தொட்டவர்கள் ஏழு பேர் விழுந்திருந்தார்கள். அண்ணனின் மூன்று எண்களிலிருந்தும் அவள் கழித்துப் பார்த்தாள். நானூற்று இருபத்திரண்டு. நானூற்றெட்டு. நானூற்று முப்பத்தொன்று.

அண்ணன் சொன்னது சரி. வட்டம் லேட்டாகத்தான் வந்தது. கருவி இல்லை, படிப்பு இல்லை. வெறும் கண்ணால் அதைக் கண்டுபிடித்து அவளிடமே வந்து சொல்லியிருக்கிறார். அவள் அவருக்கு வயதாகிவிட்டது என்றாள். மீட்டிங் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் அழுதாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், ஏனென்றால் சுவர் கண்ணாடி.

டீம் லீடரிடம் எதையும் மறைக்கவில்லை. அவர் நல்ல மனிதர். சப்பைக்கட்டு கட்டாமல் அன்றைக்கே அண்ணனின் துறைமுகத்துக்கு எழுதினார். அவர்களும் இழுத்தடிக்கவில்லை, பக்கத்தைத் திருத்திக் கொடுத்தால் ஏழு பேருக்கும் புதிதாக ஒரு தேர்வு வைப்பதாக வெள்ளிக்கிழமையே பதில் வந்தது. அண்ணனுக்கு ஒன்பது நாளில். அவள் பஞ்சு வெளிச்சத்தை எடுத்துவிட்டு வெறும் வட்டம் வைத்தாள். இந்தமுறை எல்லா பிரவுசரிலும், எல்லா அளவிலும், முழுத் திரையில் பார்த்தாள்.

சனிக்கிழமை காலை லேப்டாப்போடு அண்ணன் வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம் மனசுக்குள் ஒரு எண்தான்: நானூற்று இருபது. அந்த எண்ணை அவர் கண்ணால் பார்க்கட்டும், பிறகு காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.

அண்ணி கதவைத் திறந்தார். உள்ளே அண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தார். ஒன்றரை வயதுப் பேத்தி அவர் முன்னால் நின்று, இரண்டு கையையும் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தாள். அவர் தூக்கவில்லை. தலையைத் தடவிக்கொடுத்தார்.

"இவர் தூக்கவே மாட்டேங்கறார்மா," என்றார் அண்ணி. "தவற விட்டுடுவாராம். ஸ்கூட்டரையும் வித்தாச்சு. ரோட்டைத் தாண்டணும்னா கூட என் கையைப் பிடிச்சுக்கறார். கத்தியை எடுத்தா, நீயே நறுக்குன்னு குடுத்துடறார். கேட்டா, கை லேட்டுன்னு மெஷினே சொல்லிடுச்சுங்கறார்."

அவள் அண்ணன் எதிரே உட்கார்ந்தாள். எப்படித் தொடங்குவது என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் காற்றில் போயிற்று.

"அண்ணா, நீங்க சொன்னது சரி. வட்டம் லேட்டாத்தான் வந்துச்சு."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த ரூம்ல இருக்கற பெரிய ஸ்கிரீன்ல, அந்த பிரவுசர்ல மட்டும் லேட்டாகுது. உங்க கை லேட் இல்ல. நான்தான் சரியா பாக்கல. ஒரு வருஷமா நான்தான்..."

"எவ்ளோ லேட்டு?"

"நூத்தித் தொண்ணூறு."

அண்ணன் உதட்டுக்குள் கணக்குப் போட்டார். "அப்போ நான் பாஸா?"

"மூணு தடவையும் பாஸ் அண்ணா."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவர் அண்ணியைப் பார்த்து, "கேட்டியா? சின்னு கண்டுபிடிச்சிட்டா," என்றார். அவள்தான் அவரைக் காப்பாற்றினாள் என்பதுபோல அதைச் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை.

அந்த நேரத்தில் பேத்தி டீப்பாயைப் பிடித்து எக்கினாள். ஓரத்தில் இருந்த டம்ளர் சாய்ந்தது. அண்ணன் அதைப் பார்த்தார். சாய்வதையும் பார்த்தார், உருள்வதையும் பார்த்தார். கை பாதியில் எழுந்து நின்றது. டம்ளர் விழுந்து தண்ணீர் பாய் முழுக்க ஓடியது. அண்ணி துணியோடு வந்து துடைத்தார். அந்த வீட்டில் இது பழகிப்போன வேலை மாதிரி இருந்தது.

அவள் லேப்டாப்பைத் திறந்தாள்.

"பஞ்சு வெளிச்சம் எங்க?" என்றார் அண்ணன், திரையைப் பார்த்தவுடனே.

"எடுத்துட்டேன்."

"ஏன்? நல்லா இருந்துச்சே."

"சும்மாதான் அண்ணா. ஆரம்பிங்க."

அவர் விரல்களை விசைகள்மேல் வைத்தார். வட்டம் பச்சையாக ஒளிர்ந்தது. வலது விரல் லேசாக அசைந்தது, நின்றது, பிறகு அழுத்தியது. அடுத்தது சிவப்பு. இடது விரல் அசைந்தது, நின்றது, அழுத்தியது. முப்பது வட்டம். ஒன்றுகூடத் தப்பில்லை. எண் வந்தது: அறுநூற்று நாற்பது.

அவள் அளக்கிற கருவியைத் திறந்தாள். பதினாறு, பதினாறு, பதினாறு. கம்பிகள் தரையோடு கிடந்தன. மறுபடி செய்யச் சொன்னாள். அறுநூற்று முப்பத்தைந்து. தான் உட்கார்ந்து செய்து பார்த்தாள். முந்நூற்றைம்பது. பக்கத்தில் ஒரு குறையும் இல்லை.

"அண்ணா, வட்டம் வந்தவுடனே அமுக்குங்க. ஏன் நிறுத்தறீங்க?"

"நிறுத்தல சின்னு." அவர் விரலைப் பார்த்துக்கொண்டார். "வந்துடுச்சுன்னு தெரியுது. ஆனா நிஜமாவே வந்துச்சா, இல்ல நான் பாக்கறதுதான் தப்பான்னு இன்னொரு தடவை பாத்துட்டு அமுக்கறேன். ஒரு வருஷமா எல்லாத்தையும் அப்படித்தானே பாக்கறேன். ரோடு, படிக்கட்டு, சுடுதண்ணி எல்லாத்தையும். பழகிடுச்சு."

அடுத்த வாரம் முழுக்க அவள் தினமும் போனாள். நாளைக்கு ஒரு மணி நேரம். அவரும் பள்ளிக்கூடப் பிள்ளைபோலச் சொன்னதையெல்லாம் கேட்டார். பார்க்காமல் அமுக்குங்கள் என்றால், வேகமாக அமுக்கிப் பாதியைத் தப்பாக்கினார். நிதானமாக என்றால், பழையபடி நின்றார். அறுநூற்று இருபது. அறுநூற்றுப் பத்து. மறுபடி அறுநூற்று முப்பது. அவள் வாழ்க்கையில் எத்தனையோ தாமதங்களை வேரோடு பிடுங்கியிருக்கிறாள். ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தால் ஏதோ ஒரு இடத்தில் கம்பிகள் தரையில் படுக்கும். இங்கே எதை அணைப்பது? 'மெஷின் பொய் சொல்லாது' என்று அவள் சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தை அணைக்க வேண்டும், அதற்கு வழி தெரியவில்லை.

தேர்வு நாள் காலையில் ஒரு விபரீத யோசனையும் வந்தது. வருகிற எண்ணிலிருந்து நூற்றுத் தொண்ணூறைக் கழித்துக்கொள் என்று ஒரே ஒரு வரி. யாருக்கும் தெரியாது. அவரிடமிருந்து திருடியதை அவரிடமே திருப்பிக் கொடுப்பதுதானே என்று மனசு வக்காலத்து வாங்கியது. விரல்கள் விசைமேல் இருந்தன. அப்போது கூண்டும் அதன் கீழே தொங்குகிற நாற்பது டன்னும், அதற்கும் கீழே பனியில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனும் ஞாபகத்துக்கு வந்தார்கள். மூடி வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

மருத்துவ அறை சின்னது, திரைதான் பெரியது. நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டார். அண்ணன் பழைய கிரேன் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார், இஸ்திரி மடிப்பு கலையாமல். அவள் கதவோரம் நின்றாள். வட்டங்கள் துளிச் சேறும் இல்லாமல் நீந்தின. விரல் அசைவதும் நிற்பதும் அழுத்துவதும் அவளுக்கு முதுகுப்புறத்திலிருந்தே தெரிந்தது. மூன்றாவது வட்டத்துக்குப் பிறகு அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுகூட தப்பு இல்ல சார்," என்றார் நர்ஸ், எண்ணைச் சொல்ல மனம் வராமல். பிறகு சொன்னார். அறுநூற்று இருபத்தெட்டு.

ஏழு பேரில் ஐந்து பேர் அந்த வாரம் மேலே ஏறினார்கள். அண்ணன் ஏறவில்லை.

வெளியே வந்ததும் இரண்டு பேரும் வாசல்வரை நடந்தார்கள். பத்து மணிக்கு அவருக்கு வேலை. தலைக்கு மேலே கிரேன்கள் நகர்ந்துகொண்டிருந்தன. அவர் அண்ணாந்து பார்க்கவில்லை.

"இப்போ மெஷின்ல ஒண்ணும் தப்பு இல்லல்ல?" என்று கேட்டார்.

ஒரு வருடத்துக்கு முன்னால் எத்தனை சுலபமாகச் சொன்ன பதில்! "இல்லண்ணா," என்றாள்.

"ம்." கொஞ்ச தூரம் நடந்தார். "அந்தப் பஞ்சு வெளிச்சம்தானே லேட்டாக்குச்சு?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

"நான்தானே அப்படி வைன்னு கேட்டேன்."

"நீங்க கேட்டீங்க, அவ்வளவுதான்." குரல் உடைந்தது. "போட்டது நான். பாதி ஸ்கிரீன்ல பாத்துட்டு எல்லாம் சரின்னு டிக் போட்டது நான். நீங்க வந்து சொன்னப்போ நம்பாம இருந்தது நான். உங்க மேல ஒரு தப்பும் இல்லண்ணா. ஒண்ணுகூட இல்ல."

அண்ணன் அவள் தலையில் கை வைத்தார். "விடு. அழுதுட்டே ரோட்ல நடக்காத. வண்டி வரும்." பிறகு, "அந்த வெளிச்சம் அழகா இருந்துச்சு. அதை எடுத்திருக்க வேணாம்," என்றார்.

வாசலில் அவருக்கு ஒரு சிறிய அறை. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு பொத்தான். இஸ்திரிச் சட்டையோடு போய் உட்கார்ந்தார். எதிரே சிவப்பும் வெள்ளையும் பூசிய கம்பம் குறுக்கே கிடந்தது. ஒரு லாரி வந்து நின்றது. அவர் இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். திரும்பவும் இடது பக்கம் பார்த்தார். லாரிக்காரன் ஹாரனை ஓங்கி அடித்தான். கம்பம் எழுந்தது. லாரி போனது. கம்பம் இறங்கியது.

அடுத்தது அவள்தான். கம்பத்துக்குப் பக்கத்தில் ஆட்கள் போவதற்கென்று ஒரு சந்து இருந்தது. எல்லோரும் அதில்தான் போய்வந்துகொண்டிருந்தார்கள். அவள் கம்பத்துக்கு நேர் எதிரே போய் நின்றாள். அண்ணன் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார், சிரித்தார். பிறகு இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், மறுபடி இடது பக்கம் பார்த்தார். எந்தப் பக்கமும் ஒரு வண்டியும் இல்லை. பொத்தானை நோக்கிப் போன விரல் நின்றது.

அவள் அசையாமல் காத்துக்கொண்டிருந்தாள்.